நாற்பது அலைகளை நிரப்புவது யார்?

2014 மார்ச்சில் நேஷனல் லாம்டாரெயில் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, சொந்தப் பணத்தைப் போட்டு, தங்கள் ஆராய்ச்சிக்கென்றே அமைத்துக்கொண்ட ஒளியிழை வலையமைப்பு அது. 2003-இல் தொடங்கி, கடற்கரைக்குக் கடற்கரை கிட்டத்தட்ட 19,000 கி.மீ. நீளத்துக்கு வளர்ந்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் நெதர்லாந்தில் திட்டமிடப்பட்டு 2006 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது சர்ஃப்நெட்6. அது பெயரும் கருவிகளும் மாறி, அதே கல்விச் சமூகத்துக்கு இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் அடிப்படை ஒரே நுட்பம்: அலைநீளப் பன்மையாக்கம். இரண்டுமே தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் வேகத்தை வாடகைக்கு வாங்குவதை விட்டுவிட்டு, ஒளியேற்றாத வெறும் இழையை நீண்டகால உரிமையில் எடுத்துக்கொண்டு தாங்களே ஒளியேற்றின. இரண்டிலும் ஓர் அலை சுமந்தது விநாடிக்கு 10 கிகாபிட். கல்வி வலையமைப்புகளுக்கு இந்த நுட்பம் நடைமுறையில் ஒத்துவருமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கருவிகளின் விவரத்தாள்களைப் புரட்டுகிறார்கள். இந்த இரண்டு வலையமைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதைவிட நல்ல விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் நுட்பம், சுருக்கமாக. ஓர் இழைக்குள் பல அலைநீளங்களில் ஒளியை ஒன்றாக அனுப்பி மறுமுனையில் பிரித்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு அலைநீளமும் தனித்தனி வழித்தடம். ஒன்றில் ஓடுவது மற்றதற்குத் தெரியாது. எல்லாம் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையுள்ள குறுகிய அகச்சிவப்புப் பட்டைக்குள் அடங்கவேண்டும். பக்கத்துப் பக்கத்து அலைகளுக்கு நடுவே 0.8 நானோமீட்டர் இடைவெளி, நெருக்கிப் போட்டால் அதிலும் பாதி. லேசர் ஒரு டிகிரி சூடேறினாலே அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு லேசருக்குள்ளும் குட்டிக் குளிர்விப்பான் ஒன்று வைத்திருப்பார்கள். அந்தப் பட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், எர்பியம் கலந்த இழைப் பெருக்கி அங்கேதான் வேலை செய்யும். 1987-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழு அதை உருவாக்கிக் காட்டியது. ஒளியை மின்சாரமாக மாற்றாமல், பட்டையிலுள்ள எல்லா அலைகளையும் ஒரே வீச்சில் வலுப்படுத்தும் கருவி அது.

செலவுக் கணக்கின் முடிச்சும் அங்கேதான் விழுகிறது. இழை, பெருக்கிகள், அவை இருக்கும் அறை, மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் முதல் அலையின் தலையில் ஏறுகின்றன. இரண்டாவது அலைக்கு முனைக்கு ஒன்றாக ஒளியை அனுப்பி வாங்கும் அட்டை போதும். நாற்பதாவதுக்கும் அதேதான். பத்துப் பேருக்குச் சாப்பாடு போடக் கல்யாண மண்டபம் பிடித்தால் வாடகை குறையாது. நானூறு பேர் வந்தால் தலைக்கு விழுவது சொற்பம். அலைநீளப் பன்மையாக்கம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற கேள்வி, பந்தியை நிரப்ப ஆள் இருக்கிறதா என்ற கேள்விதான்.

2003-இல் ஆள் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தது. 2000-ஐ ஒட்டிய தொலைத்தொடர்பு வீழ்ச்சிக்குப் பிறகு, புதைத்தும் பயன்படுத்தாத இழை மலிவாகக் கிடைத்தது. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகம் பெரிய துகள் மோதலியைக் கட்டிக்கொண்டிருந்தது. அதன் தரவு உலகெங்கும் பதினொரு முதல்நிலை மையங்களுக்குப் போய்ச் சேரவேண்டும். இன்னொரு பக்கம், ரூட்டர் விலை பயமுறுத்தியது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் சேஸ் த லாட் அந்நாளில் தன் உரைகளில் ஒரு கணக்கைக் காட்டுவார். 10 கிகாபிட் வேகத்தில் 100 பைட் பொட்டலம் ஒன்று வந்துபோக 80 நானோவிநாடி ஆகும். அதற்குள் ரூட்டர் தன் பெரிய வழிப்பட்டியலில் தேடி, பொட்டலம் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்யவேண்டும். அந்த 80 நானோவிநாடியில் ஒளி மேடையிலிருந்து அரங்கின் கடைசி வரிசை வரைதான் போகும். ஒரே வேகத்துக்கு ரூட்டருக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு ஸ்விட்சுக்கு, அதிலும் பத்தில் ஒரு பங்கு ஒளியியல் கருவிக்கு என்பது அவர் சொன்ன தோராயம்.

அவர் பயனர்களையும் மூன்றாகப் பிரித்தார். மின்னஞ்சலும் இணைய உலாவலும் போதும் என்கிற பெருங்கூட்டம் முதல் வகை. அலுவல்ரீதியாகக் குறிப்பிட்ட இடங்களோடு பேசுபவர்கள் இரண்டாம் வகை. சில இடங்களுக்கு நடுவே மட்டும் மலைபோலத் தரவை நகர்த்தும் விஞ்ஞானிகள் மூன்றாவது. அந்த மூன்றாம் வகைக்கு ரூட்டர் எதற்கு? இரு முனைகளும் முன்பே தெரியும். ஓர் அலையைக் கொடுத்துவிட்டால் போதும். வாதம் எளிமையானது, சரியானதும்கூட. அந்த மூன்றாம் வகையினர் எத்தனை பேர், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை யார் திரட்டுவது என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிந்தன.

நெதர்லாந்து பரப்பளவில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். சர்ஃப்நெட் முதலில் இழையைச் சேர்த்தது. 5,300 கி.மீ.க்கு மேல் இழைச் சோடிகளைப் பதினைந்து ஆண்டு உரிமையில் எடுத்தபோது சராசரியாக மீட்டருக்கு ஆறு யூரோவுக்கும் குறைவாகவே கொடுத்ததாகத் தன் அறிமுக உரைகளில் சொல்லியிருக்கிறது. அதைப் பதினைந்து ஆண்டுக்குப் பங்கிட்டு, கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 400 யூரோ என்று வைத்தாலும் மொத்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 21 லட்சம் யூரோதான். பராமரிப்பு இதற்கு மேல். ஒரு நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்குமான முதுகெலும்பு என்ற வகையில் இது பெரிய தொகையே அல்ல. கருவிகளுக்கும் ஆய்வுக்கும் கிகாபோர்ட் என்ற அரசுத் திட்டம் கைகொடுத்தது.

இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் ஒளி இழப்பு. நூறு கிலோமீட்டர் போனால் 20 டெசிபெல். அனுப்பியதில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒட்டுகளும் இணைப்பிகளும் அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நெதர்லாந்தில் நூறு கிலோமீட்டர் போவதற்குள் வேறொரு ஊரும் வேறொரு கல்லூரியும் வந்துவிடும். பெருக்கிக்கு வேண்டிய இடம், மின்சாரம், குளிர்சாதனம், கதவைத் திறந்துவிட ஓர் ஆள் எல்லாம் வலையமைப்பில் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிற நிறுவனத்தின் கட்டடத்திலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ரூட்டர். முந்தைய சர்ஃப்நெட்5 நாடு முழுவதும் பல இடங்களில் பெரிய ரூட்டர்களை வைத்திருந்தது. சர்ஃப்நெட்6-இல் வழிச்செலுத்தும் வேலையை ஆம்ஸ்டர்டாமின் இரண்டு இடங்களில் குவித்து, மற்ற ஊர்களின் போக்குவரத்தை ஒளியடுக்கு வழியாக நேரே அங்கே கொண்டுவந்தார்கள். க்ரோனிங்கனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவு. இழை கொஞ்சம் சுற்றிப் போனாலும் ஒளிக்கு ஓரிரு மில்லிவிநாடி போதும். நாடு சின்னதாக இருப்பதன் லாபம் இது. லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர் பக்கத்துத் தெருவோடு பேச சிகாகோ ரூட்டருக்குப் போய்வரச் சொல்ல முடியாது. சர்ஃப்நெட்6-இன் சிக்கனத்தில் பெரும்பங்கு மூன்றாம் வகை விஞ்ஞானிகளால் வந்ததில்லை, சாதாரண இணையப் பயனர்களுக்கான ரூட்டர்களைக் குறைத்ததால் வந்தது என்பதே என் வாசிப்பு. விஞ்ஞானிகளுக்கான தனி ஒளிப்பாதைகளைப் பற்றிய பிரசுரங்கள் இதை அடக்கி வாசித்தன.

அதற்காக விஞ்ஞானிகள் இல்லாமலும் இல்லை. ட்விங்கலோ என்ற சிற்றூரில் ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கிகளின் தரவை ஒன்றுசேர்க்கும் ஜைவ் நிறுவனம் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு நாட்டுத் தொலைநோக்கியும் வட்டுகளில் பதிந்து பார்சலில் அனுப்பும். கருவியில் கோளாறு இருந்தது வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும். 2006-இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தில் தரவை நேரடியாக அனுப்புவதை வழக்கமாக்கினார்கள். ஒவ்வொரு தொலைநோக்கியிலிருந்தும் விநாடிக்கு 1024 மெகாபிட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிகாபிட் ஈதர்நெட் என்பது 1000 மெகாபிட்தான். 1024 அதில் அடங்காது. அதனால் கொஞ்சம் பொட்டலங்களை வேண்டுமென்றே, அளந்து உதிர்த்துவிட்டு மிச்சத்தை அனுப்பினார்கள். வானிலிருந்து வருவது பெரும்பாலும் இரைச்சல் என்பதால் கொஞ்சம் போனாலும் முடிவு கெடாது. எப்போது, எவ்வளவு உதிரும் என்பது தங்கள் கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பலரும் பகிரும் இணையத்தில் அந்தப் பிடி கிடைக்காது, தனிப்பாதையில் கிடைக்கும்.

அலை கையில் இருந்தால் அதில் தரவுதான் அனுப்பவேண்டும் என்றும் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் வ்ரையா பல்கலைக்கழகமும் க்ரோனிங்கன் பல்கலைக்கழகமும் சுற்றிப் போகும் ஏறத்தாழ 300 கி.மீ. இழை வழியே, ஓடிக்கொண்டிருக்கும் சர்ஃப்நெட்டில் ஓர் அலையை மட்டும் எடுத்து, லேசரின் அதிர்வெண்ணையே அனுப்பி அளந்து பார்த்தன. மண்ணின் சூடு மாறும்போது புதைந்த இழையில் ஒளி போகும் நேரமும் மாறி, அதிர்வெண் எவ்வளவு தடுமாறுகிறது என்பதை 2015-இல் வெளியிட்டார்கள். பக்கத்து அலைகளில் மாணவர்களின் வீடியோ ஓடிக்கொண்டிருக்க, ஓர் அலை அணுக்கடிகார ஒப்பீட்டுக்குப் பாதை தேடிக்கொண்டிருந்தது. பொட்டலம் அனுப்பும் எந்தச் சேவையை எவ்வளவு வேகத்தில் வாங்கினாலும் இதைச் செய்ய முடியாது.

லாம்டாரெயிலுக்கு வருவோம். தூரத்திலேயே தொடங்கலாம். எண்பது முதல் நூறு கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி என்றால் 19,000 கி.மீ.க்கு ஏறத்தாழ இருநூறு நிலையங்கள் வேண்டும். ராக்கி மலைகளிலும் நெவாடா வனாந்தரத்திலும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கல்லூரிக்கு எங்கே போவது? இழையை விற்ற நிறுவனத்தின் சாலையோரக் குடிலில், அதன் மின்கலம், அதன் டீசல் ஜெனரேட்டர், அதன் குளிர்சாதனத்தோடு இடம் வாடகைக்கு எடுக்கவேண்டும். அங்கே ஓர் அட்டை பழுதானால் ஆள் வண்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும். இந்தச் செலவு அலைகள் நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் மாதாமாதம் வரும்.

துடிப்பு விரிந்துபோகும் நிறப்பரவல் என்ற சிக்கல் வேறு. 10 கிகாபிட்டில் ஒரு பிட்டின் நீளம் 100 பைகோவிநாடி. சாதாரண இழையில் 80 கி.மீ. போவதற்குள் அந்தத் துடிப்பு தன் நீளத்துக்கே பரவி அடுத்த பிட்டோடு கலந்துவிடும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு நிலையத்திலும் எதிர்ப்பரவல் இழைச் சுருள்களை வைப்பார்கள். இது பின்னால் தொல்லையாகத் திரும்பி வரும்.

இதற்குப் பணம் கொடுத்தவர்கள் பல்கலைக்கழகங்களும் பிராந்தியக் கூட்டமைப்புகளும். உறுப்பினர் ஆவதற்கு ஐந்து ஆண்டுகளில் 50 லட்சம் டாலர் தருவதாக உறுதி சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவில் செனிக், ஃப்ளோரிடாவில் ஃப்ளோரிடா லாம்டாரெயில், டெக்சாஸில் லேர்ன் என்று பிராந்தியத்துக்கு ஒன்று முளைத்தது, அல்லது ஏற்கெனவே இருந்தது வளர்ந்தது. முதல் தடம் 2003 நவம்பரில் சிகாகோவுக்கும் பிட்ஸ்பர்குக்கும் நடுவே ஒளியேறியது. சிஸ்கோ கருவிகள், தடத்தைப் பொறுத்து 32 அல்லது 40 அலை போடலாம்.

அந்த அலைகளில் நல்ல பயன்கள் இருந்தன. சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் காட்சிப்படுத்தல் ஆய்வகம் தனக்கென்றே 10 கிகாபிட் அலை ஒன்றை வாங்கி, கேவ்வேவ் என்று பெயரிட்டு, சியாட்டில் வழியாக சான் டியாகோ வரை கொண்டுபோனது. சுவர் அளவுத் திரைகளில் மூளையின் நுண்படங்களையும் நில அதிர்வுப் படங்களையும் இரு முனைகளிலிருந்தும் ஒன்றாகப் பார்க்கும் ஆப்டிபியூட்டர் திட்டத்தில் அது பயன்பட்டது. ஓர் ஆய்வகம் ஓர் அலையைச் சொந்தமாக வைத்திருப்பது அன்று புரட்சிதான். ஆனால் அப்படி வாங்கக்கூடிய ஆய்வகங்கள் எத்தனை? நாடு முழுக்கத் தேடினாலும் நாற்பது அலையை நிரப்பும் அளவுக்கு வரவில்லை.

அலை வேண்டும் என்று ஒரு பேராசிரியர் கேட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தன் வளாகத்தின் கணினித் துறை, பிறகு பிராந்தியக் கூட்டமைப்பு, பிறகு லாம்டாரெயில், மறுமுனையில் இன்னொரு பிராந்தியம், இன்னொரு வளாகம். ஐந்து நிர்வாகங்கள், ஐந்து விலைப்பட்டியல்கள், ஐந்து கண்காணிப்பு அறைகள். நடுவிலுள்ள ஆயிரம் மைல் ஒளியேறி நின்றாலும், வளாகத்துக்குள் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு இழை இழுக்க யார் பணம் தருவது என்பதில் மாதங்கள் ஓடிவிடும். நெதர்லாந்தில் சர்ஃப்நெட்டின் பொறுப்பு வளாகத்தின் வாசல் வரை வரும். இரண்டு முனைகளும் ஒரே நிறுவனத்தின் உறுப்பினர்கள். தொலைபேசியை எடுத்து ஓர் இடத்தில் கேட்டால் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அமெரிக்காவில் பந்தி இரண்டு இடத்தில் நடந்தது. பல்கலைக்கழகங்களின் இன்னொரு கூட்டமைப்பான இன்டர்நெட்2-இன் அபிலீன் வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. 2004-இல் அதுவும் 10 கிகாபிட்டுக்கு உயர்ந்தது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு அந்தப் பகிர்வு வேகமே தாராளம். 2006-இல் இன்டர்நெட்2, லெவல் 3 என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, இன்ஃபினெரா கருவிகளில் தானும் அலைகளைத் தரத் தொடங்கியது. பெருக்கிக் குடில்களையும் பராமரிப்பையும் லெவல் 3 பார்த்துக்கொண்டது. இரண்டையும் இணைக்கும் பேச்சு 2007-இல் முறிந்தது. ஒரே சமூகத்தின் விஞ்ஞானிகள் இரண்டு தேசியத் தடங்களுக்குப் பங்கிடப்பட்டார்கள். பல உறுப்பினர்கள் இரண்டுக்கும் பணம் கட்டினார்கள். நெதர்லாந்தில் இந்தப் போட்டி நடந்திருந்தால் சர்ஃப்நெட்6-உம் பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்த அடி நுட்பத்திலிருந்தே வந்தது. 2008-ஐ ஒட்டி ஓரியல்பு அலைவாங்கிகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் நிறப்பரவலைக் கணினிச் சில்லே கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடும்; ஒரே அலையில் 40, பிறகு 100 கிகாபிட். எதிர்ப்பரவல் சுருள்கள் இப்போது தேவையில்லை, அது மட்டுமா, இருந்தால் இடைஞ்சலும் கூட. ஒரே அலை பத்துப் பழைய அலைகளின் வேலையைச் செய்தால், காலியாகக் கிடந்த அலைகளின் மதிப்பு என்ன? சர்ஃப்நெட் இந்த மாற்றத்தைத் தாண்டியது. 2009-இல் அதற்குக் கருவி தந்த நோர்டெல் நிறுவனமே திவாலாகி, ஒளியியல் பிரிவு 2010-இல் சியெனா கைக்கு மாறியபோதும் வலையமைப்பு ஆடவில்லை. இழையின் உரிமை பதினைந்து ஆண்டுக்குத் தன்னிடம் இருந்ததால் கருவியை மாற்றிக்கொண்டே போகலாம். 2009-இல் வட ஐரோப்பியக் கல்வி வலையமைப்பான நோர்டுநெட்டோடு சேர்ந்து, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோபன்ஹேகன் வரை, வேறொரு நிறுவனத்தின் ஒளியமைப்புக்குள் தன் 40 கிகாபிட் அலையை விருந்தாளியாக ஓடவிட்டுக்கூடக் காட்டியது.

லாம்டாரெயிலிடமும் இழை இருந்தது. இருநூறு நிலையங்களைப் புதுப்பிக்கும் மூலதனம்தான் இல்லை. 2011 நவம்பரில் மருத்துவரும் தொழிலதிபருமான பேட்ரிக் சூன்-ஷியோங் தரப்பு, மேம்பாட்டுக்கு 10 கோடி டாலர் என்ற அறிவிப்போடு அதைக் கையேற்றது. அதற்கு முந்தைய ஆண்டே இன்டர்நெட்2 அரசின் ஊக்கநிதியில் 6.25 கோடி டாலர் பெற்றிருந்தது. அந்தப் பணத்தில் அது செய்த வேலை கவனிக்கத்தக்கது: சொந்த உரிமையில் இழை, சொந்த ஒளியமைப்பு, 88 அலைகள், அலைக்கு 100 கிகாபிட். லாம்டாரெயிலின் யோசனையைப் போட்டியாளரே நிறைவேற்றினார். 88 அலைகளையும் அது தனியாகச் சுமக்கவில்லை. எரிசக்தித் துறையின் ஆய்வகங்களை இணைக்கும் ஈஎஸ்நெட் பாதியை எடுத்துக்கொண்டது. நாற்பதுக்கு மேற்பட்ட அலைகளுக்கு ஒரே நிரந்தர வாடிக்கையாளர். துகள் இயற்பியல் தரவு வந்துகொண்டே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த வாடிக்கையாளர். லாம்டாரெயிலுக்கு இப்படி ஒருவர் கடைசிவரை அமையவில்லை.

அந்த ஈஎஸ்நெட்டும் 2022 அக்டோபரில் பிரிந்து தன் சொந்த ஒளியமைப்பைத் திறந்தது: ஏறத்தாழ 24,000 கி.மீ. இழை, மொத்தம் விநாடிக்கு 46 டெராபிட். லாம்டாரெயிலைவிட நீளமான தடம், அதே நெவாடா, அதே மாதிரிக் குடில்கள். பல்கலைக்கழகங்களின் கூட்டுறவால் தாங்க முடியாததை ஓர் அமைச்சகத்தின் பட்ஜெட் தாங்குகிறது.

இப்படி ஓர் அமைச்சகமும் கிடைக்காமல், நெதர்லாந்து போல நெருக்கமாகவும் இல்லாத இடங்களுக்கு இப்போது மூன்றாவது வழி ஒன்று உருவாகியிருக்கிறது. இழையையும் வாங்காமல், விற்பவர் சொல்லும் வேகத்துக்கும் கட்டுப்படாமல், இன்னொருவரின் இழையில் அலைப்பட்டையின் ஒரு துண்டை மட்டும் ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. பெருக்கியும் குடிலும் அவருடையவை. இரு முனைகளிலும் உள்ள அலைவாங்கி நம்முடையது, அடுத்த தலைமுறை வந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய முதுகெலும்பான ஜியாண்ட் 2019-இல் தொடங்கிய புதுப்பிப்பில் சில தடங்களில் பதினைந்து ஆண்டு உரிமையில் இழையை எடுத்தது. தேசியக் கல்வி வலையமைப்புகள் ஏற்கெனவே ஒளியேற்றி வைத்திருந்த தடங்களில் அவர்களிடமே பட்டையில் துண்டு கேட்டது.